ஒருவருக்கும் இருவருக்கும் ஸ்லோ குக்கரில் சமைப்பது எப்படி?

மிதமான வெப்பத்தில் பல மணி நேரம் மெல்லச் சமைக்கும் மின்கருவியான ஸ்லோ குக்கரை ஆசையோடு வாங்கி, அதைச் சில வாரங்களிலேயே அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றிவிடுபவர்கள் பெரும்பாலும் ஒருவருக்கோ இருவருக்கோ சமைப்பவர்கள்தாம். காரணம் கேட்டால், உணவு ஓரத்தில் கருகிவிட்டது என்பார்கள், காய்கள் கூழாகிவிட்டன என்பார்கள், அல்லது ஒரே உணவை நான்கு நாள் தொடர்ந்து சாப்பிட்டுச் சலித்துவிட்டது என்பார்கள். இந்த மூன்று குறைகளும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. ஆறு பேருக்கான கலத்தில் இரண்டு பேருக்கான உணவைச் சமைக்கிறோம். இல்லையேல், கலம் நிறைய வேண்டும் என்பதற்காக உணவைப் பெருக்கிவிடுகிறோம். ஆகவே, ஒரு செய்முறையை எப்படிப் பாதியாக்குவது என்று யோசிப்பதற்கு முன், நாம் சமைக்கப்போகும் உணவு கலத்துக்குள் எவ்வளவு உயரத்துக்கு நிற்கும் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அது சரியாக அமைந்துவிட்டால் மற்றவை பெரும்பாலும் தாமாகவே சரியாகிவிடும்.

தனக்கு மட்டும் சமைத்துக்கொள்பவருக்கு, ஒரு ஆளுக்காக இவ்வளவு பாடுபட வேண்டுமா என்ற சோர்வு வருவது இயல்பு. அந்தச் சோர்வுக்கு இந்தக் கருவி நல்ல மாற்று என்பது என் உறுதியான எண்ணம். காலையில் கால் மணி நேரம் ஒதுக்கிக் காய் நறுக்கிப் போட்டுவிட்டால், மாலையில் கதவைத் திறக்கும்போதே சமைத்த உணவின் வாசனை வரவேற்கும். ஒரு ஆளுக்கானாலும் சூடான, நிறைவான உணவு வேண்டும்தானே?

கலத்தின் அளவு

பெரும்பாலான ஸ்லோ குக்கர்களில் வெப்பம் தரும் கம்பி வெளிக்கூட்டின் பக்கச் சுவரைச் சுற்றி அமைந்திருக்கும். வெப்பம் முதலில் பீங்கான் கலத்துக்குச் சென்று, அதிலிருந்து மெல்ல உணவுக்குள் இறங்குகிறது. மூடியில் படியும் நீராவி துளித்துளியாக மீண்டும் உணவுக்குள்ளேயே விழுவதால் நீர் வற்றுவது மிகக் குறைவு. 'லோ', 'ஹை' என்ற இரு நிலைகளும் இரு வேறு வெப்பநிலைகள் என்றே பலர் நினைக்கிறோம். உண்மையில் பெரும்பாலான கருவிகளில் இரண்டுமே கொதிநிலைக்குச் சற்றுக் கீழே, ஏறத்தாழ ஒரே வெப்பநிலைக்குத்தான் போய்ச் சேருகின்றன. ஹையில் அந்த இடத்தை விரைவில் அடையும், லோவில் தாமதமாக அடையும். 'வார்ம்' என்பது சமைத்த உணவைச் சூடாக வைத்திருப்பதற்கு மட்டுமே உரியது. அதில் எதையும் சமைக்கக் கூடாது.

பக்கச் சுவரிலிருந்துதான் வெப்பம் வருகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், கலம் பாதியளவிலிருந்து மூன்றில் இரண்டு பங்குவரை நிறைந்திருக்க வேண்டும் என்று சொல்லப்படுவதன் காரணம் விளங்கும். உணவு அடியில் மெல்லிய படலமாகப் பரவியிருந்தால் அது வேகமாகச் சூடாகி, சுவரைத் தொடும் ஓரத்தில் காய்ந்து, கருப்பு வளையமாக ஒட்டிக்கொள்ளும். விளிம்புவரை நிரப்பினாலோ, நடுவில் இருக்கும் உணவு சூடாக நெடுநேரம் ஆகும். அது பாதுகாப்புக்கு நல்லதன்று. நான் இந்தக் கருவியைப் பயன்படுத்தத் தொடங்கியபோது ஆறு லிட்டர் கலத்தில் ஒரு கோப்பைப் பருப்பை வேகவைத்து, எட்டு மணி நேரம் கழித்துத் திறந்து பார்த்தேன். நடுவில் ஒரு கரண்டி அளவு கூழும், அதைச் சுற்றி நகத்தால் சுரண்டினாலும் வராத பழுப்பு நிறப் பொருக்கும் இருந்தன. பருப்பிலும் பிழையில்லை, நேரத்திலும் பெரிய பிழையில்லை. கலம்தான் அந்தப் பருப்புக்கு மிகவும் பெரியது.

ஒருவர் ஒரு வேளைக்கு வயிறார உண்ணக்கூடிய கெட்டியான குழம்போ சூப்போ ஏறத்தாழ 400 முதல் 500 மி.லி. இருக்கும். ஒன்றரை லிட்டர் கலத்தைப் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்குவரை நிரப்பினால் முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர்வரை உணவு கிடைக்கும். அது இருவருக்கு ஒரு வேளைக்கு, அல்லது ஒருவருக்கு இரண்டு வேளைக்குச் சரியாக இருக்கும். இருவர் உண்டு, மறுநாளைக்கும் ஒரு பங்கு எடுத்துவைக்க விரும்பினால் இரண்டு அல்லது இரண்டரை லிட்டர் கலம் பொருத்தமானது. உறைபெட்டியில் சேமித்துவைக்கும் பழக்கம் உள்ளவர்கள் மூன்றரை லிட்டர்வரை போகலாம்; அதற்கு மேல் வேண்டியதில்லை. ஒன்றரை லிட்டர் கருவிகள் பெரும்பாலும் 100 முதல் 150 வாட் மின்சாரத்தையே எடுத்துக்கொள்கின்றன என்பதால், எட்டு மணி நேரம் ஓடினாலும் ஒரு யூனிட்டை ஒட்டியே செலவாகும்.

வாங்கும்போது நேரம் முடிந்ததும் தானாகவே வார்ம் நிலைக்கு மாறும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். சிறிய கருவிகள் பலவற்றில் ஒரு திருகு மட்டுமே இருக்கும். வெளியே வேலைக்குச் செல்பவர்களுக்கு அது பெரும் குறை. அதற்காக, சுவர் பிளக்கில் தனியாக டைமர் பொருத்தி, நாம் வெளியே போன சில மணி நேரத்துக்குப் பிறகு சமையல் தொடங்குமாறு வைக்கக் கூடாது. அதுவரை பச்சை இறைச்சியும் நறுக்கிய காயும் அறை வெப்பநிலையில் கிடக்கும்.

பெரிய கலம் மட்டுமே இருந்தால்

ஏற்கெனவே ஐந்து, ஆறு லிட்டர் கருவி வைத்திருப்பவர்கள் புதிதாக ஒன்று வாங்க வேண்டிய கட்டாயமில்லை. ஓவனின் வெப்பத்தைத் தாங்கும் கண்ணாடிக் கிண்ணத்தையோ பீங்கான் கிண்ணத்தையோ பெரிய கலத்துக்குள் வைத்து, அதனுள் சமைக்கலாம். சுமார் ஒரு லிட்டர் கொள்ளும் கிண்ணம் போதும். அதில் பொருள்களைப் போட்டு, அலுமினியத் தாளால் இறுக மூடி, கலத்துக்குள் இறக்கி, கிண்ணத்தின் பாதி உயரம்வரை சுற்றிலும் வெந்நீர் ஊற்றி, மேல்மூடி நன்றாகப் படிகிறதா என்று பார்த்து மூடிவிட வேண்டும். மூடி விளிம்பில் படியாமல் சிறிது தூக்கி நின்றாலும் வெப்பம் வெளியேறிக்கொண்டே இருக்கும். கிண்ணத்தைத் தூக்குவதற்கு, அலுமினியத் தாளை நீளவாக்கில் பட்டையாக மடித்து, அதன் இரு முனைகளும் மேலே வருமாறு கிண்ணத்தின் அடியில் கொடுத்துவைப்பது உதவும். சூடான நீரில் அமர்ந்திருக்கும் வழவழப்பான கிண்ணத்தை விரல்களால் தூக்க முயன்றால் கை சுட்டுக்கொள்ளும்.

இந்த முறையில் நேரம் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் கூடும். ஆனால் ஓரம் கருகுவதே இல்லை. இன்னொரு நன்மையும் உண்டு: இரண்டு சிறு கிண்ணங்களை அருகருகே வைத்து, ஒன்றில் காரமாகவும் மற்றொன்றில் காரமில்லாமலும், அல்லது ஒன்றில் இறைச்சியோடும் மற்றொன்றில் பருப்போடும் சமைக்கலாம். நாக்குகள் வேறுபடும் இருவர் ஒரு வீட்டில் வாழும்போது, இது எவ்வளவு பெரிய வசதி என்பது செய்து பார்த்தால்தான் தெரியும்.

அளவைக் குறைக்கும்போது கவனிக்க வேண்டியவை

ஆறு பேருக்கான செய்முறையை இருவருக்குச் சுருக்கும்போது காய், இறைச்சி, பருப்பு, உப்பு ஆகியவற்றை மூன்றில் ஒரு பங்காக்கிவிடலாம். அதில் சிக்கல் இல்லை. நீர்தான் தடுமாற வைக்கும். சாதாரண அடுப்பில் செய்யும் உணவைப் போல இதில் நீர் ஆவியாகிப் போவதில்லை. மேலும் வெங்காயம், தக்காளி, பூசணி போன்றவை தம் நீரைத் தாமே விட்டுக்கொடுக்கும். எனவே அடுப்புக்கென எழுதப்பட்ட செய்முறையாக இருந்தால், சுருக்கிய நீரின் அளவிலும் பாதியை மட்டும் ஊற்றுங்கள். குழம்பு வகைகளுக்குக் கலத்தில் உள்ள திடப்பொருளின் பாதி உயரத்துக்கு நீர் வந்தால் போதும். பருப்பும் பயறும் மட்டுமே விதிவிலக்கு. அவை நீரைக் குடிப்பவை என்பதால் முழுவதும் மூழ்கியிருக்க வேண்டும். முடிவில் நீர்த்துப்போயிருந்தால், ஒரு தேக்கரண்டி சோள மாவை (கார்ன்ஃப்ளார்) சிறிது குளிர்ந்த நீரில் கரைத்து ஊற்றி, ஹையில் கால் மணி முதல் அரை மணி நேரம் வைத்தால் கெட்டிப்படும்.

நேரம் அந்த விகிதத்தில் சுருங்காது. ஹையில் ஒரு மணி நேரம் என்பது லோவில் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குச் சமம் என்ற கணக்கு பொதுவாகப் பொருந்தும். பெரிய கலத்துக்கு லோவில் எட்டு மணி நேரம் என்று எழுதியிருந்தால், சிறிய கலத்தில் ஐந்தரை அல்லது ஆறு மணி நேரத்திலேயே ஒருமுறை பாருங்கள். ஆனால் அடிக்கடி திறக்காதீர்கள். ஒவ்வொரு முறை மூடியைத் தூக்கும்போதும் இழந்த வெப்பத்தை மீட்க 15 முதல் 20 நிமிடம் ஆகும் என்பதால், மூன்று முறை எட்டிப் பார்த்தால் உணவு ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். கண்ணாடி மூடியில் படிந்திருக்கும் துளிகளை மெல்லத் தட்டினால் அவை கீழே வழிந்து உள்ளே தெரியும். ஓரங்களில் சிறு குமிழிகள் சோம்பலாக எழுந்து உடைந்துகொண்டிருந்தால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று பொருள்.

வீட்டை விட்டு ஒன்பது, பத்து மணி நேரம் விலகியிருப்பவர்களுக்குச் சிறிய கலத்தின் வேகம் ஒரு இடைஞ்சல்தான். அத்தகைய நாள்களில் நெடுநேர வேக்காட்டைத் தாங்கும் பொருள்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஊறவைத்த முழுப் பயறு, எலும்போடு கூடிய இறைச்சி, பெரிதாக நறுக்கிய கிழங்கு ஆகியவை தாங்கும். கோழி நெஞ்சுக்கறி, மீன், பட்டாணி, கீரை ஆகியவை தாங்கா. இறைச்சியின் கடினமான பகுதிகளில் கொலாஜன் என்ற புரதத்தாலான இணைப்புத் திசு நிறைந்திருக்கிறது. ஈரமான வெப்பத்தில் பல மணி நேரம் இருக்கும்போது அது ஜெலட்டினாக இளகிச் சாற்றுக்கு வழவழப்பைத் தருகிறது. தோள்பகுதி, கால்பகுதி, கோழித் தொடை ஆகியவை இதில் சிறப்பதன் காரணம் இதுவே. நெஞ்சுக்கறியில் அந்தத் திசு மிகக் குறைவு என்பதால் அது வறண்டு, நார் நாராகப் பிரிந்துவிடும்.

பொருள்களை அடுக்கும் வரிசையும் முக்கியம். உருளைக்கிழங்கும் கேரட்டும் இறைச்சியைவிட மெதுவாக வேகும் என்பது பலருக்கு வியப்பளிக்கும். ஆகவே அவற்றைச் சிறு துண்டுகளாக நறுக்கி அடியிலும் சுவரோரத்திலும் வைத்து, இறைச்சியை மேலே வைக்க வேண்டும். பாலும் கிரீமும் தயிரும் நெடுநேர வெப்பத்தில் திரிந்துபோகும் என்பதால் கடைசி அரை மணி நேரத்தில் சேர்ப்பது நல்லது. கீரைக்குக் கடைசி 15 நிமிடம் போதும். மீனுக்கு, துண்டின் பருமனைப் பொறுத்து, கடைசி அரை மணி முதல் ஒரு மணி நேரம். கிராம்பு, இலவங்கப்பட்டை போன்ற முழு மசாலாக்களின் வீரியம் நேரம் ஏற ஏறக் கூடிக்கொண்டே போகும். இருவருக்கான கலத்தில் ஒரு கிராம்பே நிறைய. பொடித்த மசாலாக்களோ மணத்தை இழந்துவிடும் என்பதால் பாதியைத் தொடக்கத்திலும் மீதியைக் கடைசியிலும் சேர்க்கலாம். எலுமிச்சைச் சாறு, புதிய மல்லித்தழை போன்றவை பரிமாறும் வேளையில் சேர வேண்டியவை. நெடுநேரம் வெந்த உணவின் சுவை சற்று மந்தமாக இருக்கும். கடைசியில் விழும் அந்தச் சில துளிப் புளிப்பே அதை எழுப்பிவிடும்.

பாதுகாப்பில் சமரசம் வேண்டாம்

5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் நோய்க்கிருமிகள் வேகமாகப் பெருகும். ஸ்லோ குக்கர் அந்த இடைவெளியை மெதுவாகத்தான் கடக்கிறது. எனவே உறைந்த இறைச்சியை அப்படியே போடக் கூடாது; முந்தைய இரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து முழுவதும் இளகச் செய்ய வேண்டும். முடிந்தால் முதல் ஒரு மணி நேரம் ஹையில் வைத்துவிட்டுப் பிறகு லோவுக்கு மாற்றுங்கள். காலையில் அவசரமாகக் கிளம்புபவர்கள், ஊற்றும் நீரையாவது கொதிக்கவைத்து ஊற்றுங்கள். கோழி வெந்துவிட்டதா என்பதை நிறத்தை வைத்து முடிவு செய்யாமல், உணவு வெப்பமானியைத் தடித்த பகுதியில் எலும்பில் படாமல் குத்திப் பார்க்க வேண்டும். 74 டிகிரி காட்ட வேண்டும்.

பழைய கருவி வைத்திருப்பவர்கள் அது போதுமான அளவு சூடாகிறதா என்று சோதித்துக்கொள்ளலாம். கலத்தில் பாதிக்கு மேல் குழாய் நீரை ஊற்றி, லோவில் எட்டு மணி நேரம் மூடிவைத்து, மூடியைத் திறந்த உடனேயே வெப்பநிலையை அளக்க வேண்டும். 85 முதல் 93 டிகிரி இருந்தால் கருவி நன்றாக இருக்கிறது. 85-க்குக் கீழே இருந்தால் அதை வைத்துச் சமைப்பதை விட்டுவிடுங்கள். 93-க்கு மேல் இருந்தால் கெடுதல் இல்லை. ஆனால் செய்முறையில் சொன்ன நேரத்தைவிட முன்பே உணவு வெந்துவிடும்.

ராஜ்மாவைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். இந்தக் கருவியின் முன்னோடிக்குக் காப்புரிமை பெற்றவர் இர்விங் நாக்ஸன் என்ற அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர். 1940-ல் அவருக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. 'நாக்ஸன் பீனரி' என்ற பெயரில் விற்கப்பட்ட அந்தக் கருவி, பெயருக்கேற்ப, பயறு வேகவைக்கும் பாத்திரமாகவே அறியப்பட்டது. ரைவல் நிறுவனம் 1970-ல் அவருடைய நிறுவனத்தை வாங்கி, மறு ஆண்டு 'கிராக்பாட்' என்ற பெயரில் அதை வீடுகளுக்குக் கொண்டுசென்றது. பயறு வேகவைக்கப் பிறந்த கருவி என்பதால் எந்தப் பயறையும் அப்படியே போடலாம் என்று எண்ணிவிடக் கூடாது. சிவப்பு ராஜ்மாவில் பைட்டோஹீமாகுளூட்டினின் என்ற நச்சுப் புரதம் இருக்கிறது. நான்கைந்து பச்சை மணிகளே கடுமையான வாந்தியை உண்டாக்கப் போதுமானவை. 80 டிகிரி அளவிலான மிதமான வெப்பத்தில் அந்த நச்சு அழியாமல், அதன் வீரியம் பல மடங்கு கூடவும் கூடும். எனவே ராஜ்மாவை இரவு முழுவதும் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீரில் அடுப்பில் தளதளவெனக் கொதிக்கவிட வேண்டும். 10 நிமிடத்தில் நச்சு அழிந்துவிடும் என்றாலும், உறுதிக்காக 30 நிமிடம் கொதிக்கவிடுமாறு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அறிவுறுத்துகிறது. நானும் 30 நிமிடமே கொதிக்கவிடுகிறேன். வெள்ளை ராஜ்மாவுக்கும் இதையே செய்யுங்கள். டின்னில் அடைத்து வரும் ராஜ்மா ஏற்கெனவே வெந்தது என்பதால் அதற்கு இந்தக் கவலை இல்லை.

நீங்கள் வெளியே இருந்தபோது மின்சாரம் நின்று, எவ்வளவு நேரம் நின்றது என்று தெரியாவிட்டால், உணவு பார்ப்பதற்கு நன்றாக இருந்தாலும் கொட்டிவிடுங்கள். வீட்டில் இருக்கும்போது நின்றால் உடனே வேறு அடுப்புக்கு மாற்றிச் சமைத்து முடிக்கலாம்.

செய்து பார்க்கச் சில உணவுகள்

முதலில் கோழித் தொடையும் கிழங்கும். இது எனக்கு மிகவும் பிடித்தது. இருவருக்கு ஒரு வேளைக்குப் போதுமானது. இரண்டு லிட்டர் கலத்துக்கு ஏற்றது. எலும்போடு கூடிய இரண்டு கோழித் தொடைகளைத் தோல் நீக்கி, ஈரத்தைத் துணியால் ஒற்றியெடுத்து, அரைத் தேக்கரண்டி உப்பும் சிறிது மிளகுத்தூளும் தடவுங்கள். வாணலியில் ஒரு தேக்கரண்டி எண்ணெயைச் சூடாக்கி, தொடைகளைப் பக்கத்துக்கு மூன்று நிமிடம் அசைக்காமல் வைத்துச் சிவக்கவிடுங்கள். ஸ்லோ குக்கருக்குள் எவ்வளவு நேரம் இருந்தாலும் இறைச்சி சிவக்காது. ஏனெனில் அந்தப் பொன்னிறமும் வறுத்த மணமும் 140 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில்தான் விரைந்து உருவாகும். கலத்துக்குள் வெப்பநிலை 100-ஐத் தாண்டுவதில்லை. இந்த ஆறு நிமிட வேலையைத் தவிர்த்தாலும் உணவு வேகும், ஆனால் வெளிறிப்போய் இருக்கும்.

தொடைகளை எடுத்துவிட்டு, அதே வாணலியில் நீளவாக்கில் அரிந்த ஒரு வெங்காயத்தையும் நசுக்கிய இரண்டு பூண்டுப் பற்களையும் வதக்குங்கள். பிறகு 100 மி.லி. வெந்நீரை ஊற்றி, வாணலியின் அடியில் ஒட்டியிருக்கும் பழுப்பை மரக்கரண்டியால் தேய்த்துக் கரைத்துக்கொள்ளுங்கள். சுவையின் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. ஒரு சொட்டையும் விட்டுவிடாதீர்கள். கலத்தின் அடியில் இரண்டு உருளைக்கிழங்கையும் ஒரு கேரட்டையும் இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கிப் பரப்பி, கால் தேக்கரண்டி உப்புத் தூவி, மேலே வெங்காயக் கலவையை ஊற்றி, அதன் மீது தொடைகளை வைத்து மூடுங்கள். லோவில் ஐந்து முதல் ஆறு மணி நேரம், ஹையில் ஏறத்தாழ மூன்று மணி நேரம். எலும்பைப் பிடித்து லேசாகத் திருகும்போது சதை எதிர்ப்பின்றி விலகினால் பதம் வந்துவிட்டது. ஒரு கைப்பிடிப் பசலைக் கீரையை மேலே போட்டு, கால் மணி நேரம் மூடிவைத்து, பிறகு எலுமிச்சைச் சாறு பிழிந்து பரிமாறலாம். இதே முறையில் தொடைகளுக்குப் பதிலாகக் காளானும் கொண்டைக்கடலையும் சேர்த்துச் சைவமாகவும் செய்யலாம். கடலையை முன்பே வேகவைத்திருக்க வேண்டும்.

அந்தக் கொண்டைக்கடலையை வாரம் ஒருமுறை மொத்தமாக வேகவைத்து வைத்துக்கொள்வது சிறுகுடும்பத்துக்கு மிகவும் உதவும். 150 கிராம் கடலையை எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஊறவைத்தால் அதன் எடை ஏறத்தாழ இரண்டு மடங்காகும். நீரை வடித்து, ஒன்றரை லிட்டர் கலத்தில் போட்டு, கடலைக்கு மேல் மூன்று சென்டிமீட்டர் நிற்குமாறு வெந்நீர் ஊற்றி, ஹையில் மூன்று முதல் நான்கு மணி நேரம், அல்லது லோவில் ஏழு முதல் எட்டு மணி நேரம் வையுங்கள். தக்காளியையோ புளிப்பான வேறெதையுமோ இப்போது சேர்க்காதீர்கள். புளிப்பு இருந்தால் தோல் மென்மையாக மறுக்கும். உங்கள் பகுதி நீர் கடினநீராக இருந்தால் ஒரு சிட்டிகை சமையல் சோடா உதவும். ஒரு மணியை விரல்களுக்கிடையே அழுத்திப் பார்க்கும்போது உள்ளே கட்டியின்றி மசிய வேண்டும். பாதியைச் சாலட்டுக்கும் மீதியைக் குழம்புக்கும் வைத்துக்கொண்டால், ஒரே உணவை மறுபடியும் உண்கிறோம் என்ற சலிப்பு வராது.

பருப்பு சூப் இன்னும் எளியது. தோல் நீக்காத மைசூர்ப் பருப்பு 100 கிராம், பொடியாக நறுக்கிய வெங்காயம், கேரட் ஒவ்வொன்று, ஒரு பூண்டுப் பல், அரைத் தேக்கரண்டி சீரகம், 600 மி.லி. வெந்நீர் ஆகியவற்றை ஒன்றரை லிட்டர் கலத்தில் சேர்த்து லோவில் ஆறு முதல் ஏழு மணி நேரம் வைத்தால் போதும். ஊறவைக்க வேண்டியதில்லை. நறுக்கிய தக்காளியையும் உப்பையும் கடைசி ஒரு மணி நேரத்தில் சேர்க்கலாம். பாதியை மசித்துவிட்டு மீதியை அப்படியே விட்டால் சூப் கெட்டியாகவும் வாயில் தட்டுப்படும்படியும் இருக்கும்.

காலை உணவுக்கு ஓட்ஸ் கஞ்சி. ஒருவருக்கு 40 கிராம் ஸ்டீல் கட் ஓட்ஸுக்கு (தட்டையாக்காமல் நொய் போல் உடைத்த ஓட்ஸ்) 240 மி.லி. நீர், ஒரு சிட்டிகை உப்பு. அவலைப் போல் தட்டையாக்கிய ஓட்ஸ் இரவு முழுவதும் தாங்காது, பசையாகிவிடும். கிண்ணத்தின் உட்புறம் வெண்ணெய் தடவி, மேலே சொன்னபடி கலத்துக்குள் வெந்நீரில் அமர்த்தி, இரவு படுக்கும்போது லோவில் வைத்தால் ஏழு மணி நேரத்தில் தயார். பாலைக் காலையில் ஊற்றிக் கலக்குங்கள். கிண்ணம் இல்லாமல் நேரடியாகக் கலத்தில் போட்டால், ஒருவருக்கான அளவு அடியில் ஒட்டிக் கருகிப்போவது ஏறக்குறைய உறுதி.

இனிப்பு வேண்டுமென்றால் இரண்டு கெட்டியான பேரிக்காய்களைத் தோல் சீவி இரண்டாகப் பிளந்து, 300 மி.லி. நீர், 50 கிராம் சர்க்கரை, விரல் நீள இலவங்கப்பட்டையில் பாதி ஆகியவற்றோடு ஹையில் இரண்டு முதல் மூன்று மணி நேரம் வையுங்கள். கத்தி முனை வெண்ணெயில் இறங்குவது போல் இறங்க வேண்டும். நன்றாகக் கனிந்த பழம் இதற்கு உதவாது.

மீதத்தை என்ன செய்வது?

உணவு முடிந்ததும் கலத்தோடு அப்படியே குளிர்பெட்டியில் வைக்காதீர்கள். கனமான பீங்கான் வெப்பத்தை நெடுநேரம் பிடித்துவைத்திருப்பதால் உள்ளே உணவு குளிர மணிக்கணக்காகும். ஆழமில்லாத சிறு டப்பாக்களில், ஒரு டப்பாவுக்கு ஒரு வேளை என்ற கணக்கில் பிரித்து, சமைத்து முடித்த இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்கு மாற்ற வேண்டும். மூன்று நான்கு நாள்களுக்குள் உண்டுவிட வேண்டும். உறைபெட்டியில் இரண்டு மூன்று மாதம்வரை சுவை கெடாமல் இருக்கும். உருளைக்கிழங்கு மட்டும் உறைந்து இளகும்போது மாவாகிச் சொதசொதத்துப்போகும் என்பதால், உறைய வைக்கப்போகும் பங்கிலிருந்து கிழங்கை எடுத்துவிடலாம். மீண்டும் சூடாக்குவதற்கு ஸ்லோ குக்கரைப் பயன்படுத்தக் கூடாது. அடுப்பிலோ மைக்ரோவேவிலோ ஆவி பறக்க, உள்ளே 74 டிகிரி எட்டும்வரை சூடாக்கிய பின், வேண்டுமானால் வெந்நீரால் கழுவிச் சூடேற்றிய கலத்துக்கு மாற்றி வார்ம் நிலையில் வைத்துக்கொள்ளலாம்.

டப்பாவின் மேல் தேதியை எழுதி ஒட்டுங்கள். இருவர் மட்டும் இருக்கும் வீட்டில் உறைபெட்டியின் அடியில் போன டப்பா எளிதில் மறந்துபோகும். கலத்தைக் கழுவும்போது, சூடாக இருக்கும் பீங்கானில் குளிர்ந்த நீரை ஊற்றினால் விரிசல் விடும் என்பதால், ஆறியதும் வெதுவெதுப்பான நீரை நிரப்பி அரை மணி நேரம் விட்டுவைத்து, பிறகு மென்மையான பஞ்சால் தேய்த்தாலே ஓரத்தில் ஒட்டியது எல்லாம் வந்துவிடும்.